பழைய கம்ப்யூட்டரில் டிவி ரெக்கார்டர்: கூரையிலிருந்து தொடங்குங்கள்

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழி ஓடும். அம்மாவுக்கு டிடி தமிழ். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற பிள்ளைகளுக்கு டிடி மலையாளம். டிவி மட்டும் ஒன்று. இந்தச் சண்டையை முடித்து வைக்கத்தான் எங்கள் வீட்டு மூலையில் ஒரு ரெக்கார்டர் உட்கார்ந்திருக்கிறது. பரணில் கிடந்த கம்ப்யூட்டர், யாரோ கழித்துப் போட்ட ஹார்ட் டிஸ்க், வேலியோரம் கவிழ்ந்து கிடந்த ஒரு டிஷ். காசு கொடுத்து வாங்கியது கார்டும், கொஞ்சம் கேபிளும், ஒரு காசு அளவு பேட்டரியும்.

புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ப்ராசசர் வேண்டும்?" என்றுதான். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. சாட்டிலைட்டிலிருந்து வரும் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகச் சுருக்கப்பட்டே வருகிறது. கம்ப்யூட்டர் அதைத் திரும்பச் சுருக்குவதில்லை, மாற்றுவதில்லை. வருகிறதை வந்தபடி டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. நெல் அளக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற ஆள் மாதிரி. அதற்கு எந்தக் கிழட்டு ப்ராசசரும் போதும். படுத்துவதெல்லாம் டிஷ், கடிகாரம், கரண்ட் இந்த மூன்றும்தான். என் நேரத்தில் முக்கால்வாசி அங்கேதான் போனது.

எதைப் பதியலாம்

கட்டண டிடிஎச் சேனல்கள் பூட்டி வருகின்றன. அந்தப் பெட்டி இல்லாமல் திறக்காது, திறக்க முயலவும் வேண்டாம். நமக்கானது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. மாதக் கட்டணம் இல்லை. இதன் எம்பெக்-2 (படத்தைச் சுருக்கும் பழைய முறை) சேனல்களுக்குப் பூட்டும் இல்லை. டிடி பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் இதில் கிடைக்கும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: தனியார் தமிழ்ச் சேனல்கள் இதில் குறைவு, இந்திதான் அதிகம். ஏலத்தில் இடம் மாறுவதால் பட்டியலும் அவ்வப்போது மாறும். மெகா சீரியல் எல்லாம் இதில் வந்துவிடும் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வதை மீறல் என்று சொல்வதில்லை. பதிந்ததை விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு கதை.

கட்டண டிடிஎச் பெட்டியைத்தான் பதிய வேண்டும் என்றால், அதன் பின்னால் உள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை யுஎஸ்பி கேப்சர் குச்சியில் மாட்டிப் பதியலாம். ஆனால் சேனலை மாற்ற நீங்களே ரிமோட்டோடு உட்கார வேண்டும். அதற்கு நேராகவே பார்த்துவிடலாம்.

கார்டு

வாங்க வேண்டியது சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்கிற டிவிபி-எஸ்2 கார்டு. யுஎஸ்பியிலும் வருகிறது, போர்டில் சொருகுகிற பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவிலும் வருகிறது. பழைய பிசிஐ ஸ்லாட் இருந்தால் டெக்னிசாட் ஸ்கைஸ்டார் 2 போன்ற வெகுநாளைய கார்டே போதும். அது டிவிபி-எஸ் என்கிற பழைய முறையை மட்டும்தான் எடுக்கும். எம்பெக்-2 சேனல்களுக்கு அது தாராளம். எதை வாங்கினாலும் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே "டிவி ட்யூனர்" என்று ஒன்று இருக்கும், உடனே மனசு துள்ளும். 2005 வாக்கில் ஊரெல்லாம் விற்ற அந்தக் கார்டுகள் அனலாக் கேபிளுக்கானவை. சாட்டிலைட் கேபிளின் நுனி அதில் பொருந்துகிற மாதிரியே இருக்கும், ஏமாறாதீர்கள்.

கம்ப்யூட்டர் பாகங்கள்

என்னிடம் கிடைத்தது எச்61 போர்டும் இரண்டாம் தலைமுறை ஐ3யும். ஒரு போட்டோஸ்டாட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த மெஷின். எச்டிஎம்ஐ இருந்தது, 4 ஜிபி ரேம் இருந்தது, அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அதைவிடப் பழைய கோர் 2 டியோ என்றால் பதிவதில் குறை இருக்காது. ஆனால் அந்தப் போர்டுகளின் கிராஃபிக்ஸ் டிவியில் படம் காட்டத் திணறும். அதைப் பதிகிற மெஷினாக மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபையில் ஆண்ட்ராய்டு டிவி வழியாகப் பாருங்கள்.

ரேமைக் கழற்றி, தங்க நிறத்தில் மின்னும் விளிம்பைப் பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் தேயுங்கள். பாதி "செத்த" கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்துவிடும். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம்; உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பியிருந்தால் அந்தப் போர்டை மறந்துவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யோசனை. பழுதாகிப் பழைய சாமான் கடைக்குப் போகிற சிசிடிவி டிவிஆர் பெட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றுக்குள் இருப்பது இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கச் செய்த டிஸ்க். நம் வேலையும் அதேதான். வாங்குமுன் ஒரு விண்டோஸ் மெஷினில் மாட்டி கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை) என்ற வரி பூஜ்யத்தில் இருந்தால் எடுங்கள். சிஸ்டத்துக்கென்று சின்ன எஸ்எஸ்டி ஒன்று தனியாக இருந்தால் நல்லது, 32 ஜிபி போதும்.

இப்போதே இன்னொரு வேலை: போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அது எனக்கு அவமானமான கதை.

கூரைமேல்

பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியில் நின்று பார்த்தால் ஜிசாட்-15 வடக்கிலிருந்து வலஞ்சுழியாக சுமார் 122 டிகிரியில், அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில் இருக்கிறது. உயரம் 67 டிகிரி. ஏறக்குறைய தலைக்கு மேல் என்றே சொல்லலாம். பனை மரமோ பக்கத்து மாடியோ மறைக்கிற வாய்ப்பு குறைவு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு பக்கம் இருப்பவர்களுக்குத் திசை 118 ஆகும், உயரம் 68. ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கம் என்றால் 132, 67. செல்போன் காம்பஸில் திசை பிடித்துக்கொள்ளலாம். இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், முள் பொய் சொல்லும்.

67 டிகிரி என்றதும் டிஷ் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். நம் ஊரில் கிடைக்கிற டிஷ்கள் ஆஃப்செட் வகை. எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கிற முனை, நடுவில் இல்லாமல் கீழிருந்து மேல் நோக்கி நிற்கும். அதனால் தட்டின் முகம் இருபதுக்கு மேல் டிகிரி குறைத்தே நிமிர்ந்திருக்கும். தாங்கியில் அச்சடித்த அளவுகோலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

மூன்றாவதாக எல்என்பியின் திருகல். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சாட்டிலைட் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் கிழக்கே தள்ளி நிற்கிறது, நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் எல்என்பியை நேராக விட்டால் சிக்னல் அரைகுறையாகத்தான் வரும். பிடியைத் தளர்த்தி, கைக்கடிகார முள் நகர்கிற அளவு மெதுவாகத் திருப்புங்கள். கீழே ஒருவர் உட்கார்ந்து திரையில் வரும் சிக்னல் எண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மகள் வேலை. "அப்பா, ஒன்பது... பத்து... பத்தரை... ஐயோ போச்சு!" பத்தரைக்குத் திரும்பி வந்து திருகை இறுக்கினேன். பார்க்க வேண்டியது ஸ்ட்ரெங்த் இல்லை, எஸ்என்ஆர் என்கிற தரத்தின் எண். ஸ்ட்ரெங்த் வேறு சாட்டிலைட்டைப் பிடித்தாலும் ஏறும்.

கேபிள் ஆர்ஜி6. நுனியில் எஃப் கனெக்டர் போடுவது சின்ன வேலைதான், ஆனால் கவனம் வேண்டும். மேல் தோலை ஒரு விரல் அகலம் உரித்து, வலைப்பின்னலைப் பின்பக்கமாக மடித்து விடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் குழாயில் கொஞ்சம் விட்டு மீதியை வெட்டுங்கள். கனெக்டரைத் திருகினால் நடுக் கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வலைப்பின்னலின் ஒரே ஒரு முடி நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கார்டு இந்தக் கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அதனால் கம்ப்யூட்டர் ஓடும்போது கேபிளைக் கழற்றவும் மாட்டவும் கூடாது. அதே காரணத்தால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் இதற்கும் நடுவில் சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்காதீர்கள். இரண்டு பக்க வோல்டேஜும் மோதிக்கொள்ளும். இரட்டை வாய் எல்என்பி வாங்கி இரண்டு கேபிள் இழுங்கள்.

காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் வேடிக்கைக்காக நிற்கவில்லை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து, மார்கழி தையில் கிழக்கிலிருந்து. டிஷ்ஷைக் கைப்பிடிச் சுவரில் வெறுமனே நிறுத்தாதீர்கள். சுவரோடு சேர்த்து போல்ட் அடித்து, வாஷர் வைத்து, நட்டுக்கு மேல் நட்டு போடுங்கள். டிவிஹெட்எண்ட் என்கிற பதிவு மென்பொருளில் (பின்னால் வருகிறது) "ஸ்டேட்டஸ்" பக்கத்தில் கன்டினியூட்டி எரர் என்று, வழியில் விட்டுப்போன துண்டுகளைக் காட்டும் ஒரு எண் ஓடும். முதல் ஆடியில் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் அது பத்து இருபதாகத் தாவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியபின் நின்றது.

மென்பொருள்

ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்க லிப்ரெஎலெக் போடுங்கள். கோடி என்கிற மீடியா பிளேயரை மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சின்ன லினக்ஸ். ஜெனரிக் என்று உள்ள 64 பிட் பதிப்பை இறக்கி, ரூஃபஸ் கொண்டு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். நிறுவும்போது அது டிஸ்க்கைத் துடைத்துவிடும். பெரிய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுவதுதான் புத்திசாலித்தனம்.

பிறகு:

1. அமைப்புகளில் நாடு இந்தியா, நேர மண்டலம் கொல்கத்தா என்று வையுங்கள்.
2. ஆட்-ஆன் பகுதியில் லிப்ரெஎலெக் களஞ்சியத்திலிருந்து டிவிஹெட்எண்ட் சர்வரை நிறுவுங்கள். கூடவே பிவிஆர் பகுதியில் உள்ள டிவிஹெட்எண்ட் எச்டிஎஸ்பி கிளையண்டையும்.
3. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு மெஷினின் பிரவுசரில் ரெக்கார்டரின் ஐபி எண், முக்கால் புள்ளி (:), 9981 என்று அடியுங்கள். டிவிஹெட்எண்டின் பக்கம் திறக்கும். ரிமோட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயன்றால் பொழுது விடியும்.
4. கார்டைத் தேர்ந்து இயக்குங்கள். எல்என்பி வகைக்கு யுனிவர்சல் எல்என்பி மட்டும் என்று கொடுங்கள்.
5. டிவிபி-எஸ் நெட்வொர்க் ஒன்றை உருவாக்கி அதில் மக்ஸ் (பல சேனல்களைச் சேர்த்துக் கொண்டுவரும் ஒரு அலைவரிசை) சேருங்கள்.

ஐந்தாவதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். செட்டாப் பாக்ஸில் அதிர்வெண் 11090, வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று போட்டுப் பழகியிருப்போம். டிவிஹெட்எண்ட் அதிர்வெண்ணைக் கிலோஹெர்ட்ஸில் கேட்கிறது, சிம்பல் ரேட்டையும் முழு எண்ணாகக் கேட்கிறது. 11090000 என்றும் 29500000 என்றும் போட வேண்டும். மூன்று பூஜ்யம் விட்டுவிட்டு டிஷ்ஷைத் திட்டிக்கொண்டு மறுபடி கூரை ஏறியவன் நான். ஒரு மக்ஸ் பிடித்துவிட்டால் மற்றவற்றையும் அப்படியே சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். கிடைத்த சர்வீஸ்களைச் சேனல்களாக மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் கோடியில் டிவி பட்டியல் வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பணம் மிச்சம். ஒரு ட்யூனர் பிடிப்பது ஒரு சேனலை இல்லை, ஒரு மக்ஸை. 29500 சிம்பல் ரேட்டில், முக்கால் எஃப்இசியில் (பிழை திருத்தத்துக்குக் கால் பங்கு ஒதுக்கி) வருகிற ஒரு டிவிபி-எஸ் மக்ஸ் நொடிக்கு சுமார் 40 மெகாபிட் கொண்டுவரும். பல சேனல்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நீங்கள் பார்க்க விரும்பும் இரண்டு சேனலும் ஒரே மக்ஸில் இருந்தால் ஒரே கார்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் பதியலாம். மொத்த மக்ஸையும் எழுதினாலும் நொடிக்கு 5 எம்பிதான், எந்தப் பழைய டிஸ்க்கும் தாங்கும். வேறு வேறு மக்ஸில் இருந்தால்தான் இரண்டாவது ட்யூனர். அதனால் முதலில் ஒரு கார்டோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது ட்யூனர் இன்னும் போடவில்லை.

ஒரு சேனல் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரப் பதிவு 900 எம்பி. 500 ஜிபி டிஸ்க்கில் 500 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பெரிய டிஸ்க்கை இஎக்ஸ்டி4இல் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ்ஸும் ஓடும், ஆனால் கரண்ட் படக்கென்று போனால் முரண்டு பிடிக்கும். பதிவு அமைப்பில் 30 நாளில் தானாக அழி என்று வைத்துவிடுங்கள். அழிக்கக் கூடாததை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

பதிவு வைப்பது

நிகழ்ச்சி அட்டவணை ஒழுங்காக வரும் சேனலில் நிகழ்ச்சியின் பெயரைத் தட்டிப் பதிவு வைக்கலாம். அட்டவணை வராத சேனல்களுக்கு "டைமர்ஸ்" பகுதிதான்: சேனல், கிழமை, தொடக்கம், முடிவு. முன்னால் 5 நிமிடம், பின்னால் 15 நிமிடம் கூட்டி வையுங்கள். நேரலை என்றால் பின்னால் ஒரு மணி நேரம். கிராமத்துக் கல்யாணமும் நேரலையும் சொன்ன நேரத்துக்கு முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

இனி அந்தப் பேட்டரிக் கதை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னம் பாடுவதைப் பதிந்து தரச் சொன்னார். காலையில் கோயிலுக்குப் போவதாகவும் மாலையில் வந்து கேட்பதாகவும் ஏற்பாடு. முதல் நாள் ராத்திரி லைன் வேலைக்காகக் கரண்ட் போனது, கூடவே இன்டர்நெட்டும். கரண்ட் திரும்ப வந்தது, கம்ப்யூட்டரும் தானாக எழுந்தது. ஆனால் பட்டன் பேட்டரி செத்திருந்ததால் அதன் கடிகாரம் 2011 ஜனவரி 1 என்றது. இன்டர்நெட் இல்லாததால் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. 2011இல் வாழ்கிற மெஷின் இன்று காலை எதையும் பதியாது. வாத்தியார் வந்து உட்கார்ந்தார், பட்டியல் காலி. "பரவாயில்லைப்பா, அடுத்த வருஷமும் பாடுவாங்க" என்று காபி குடித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே புது பேட்டரி. பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கிற அமைப்புப் பக்கம்) "ஏசி பவர் லாஸ்" என்று தொடங்கும் வரியைத் தேடி "பவர் ஆன்" என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் யாரும் பொத்தான் அழுத்தாமலே எழும். சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் அதில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டாமல் வைஃபை ரவுட்டரையும் மாட்டுங்கள்.

கரண்ட் செலவு: என் மெஷின் சும்மா இருக்கும்போது 40 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட், கேரளத்து இரண்டு மாத பில்லில் 58 யூனிட். ஸ்லாபின் விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு இது சுருக்கென்று தைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் பிடுங்கிவிடுங்கள், டிவிடி டிரைவையும் கழற்றுங்கள்.

இடி

ஐப்பசியில் மதியம் மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். சித்திரை வைகாசியிலும் அப்படித்தான். டிஷ் என்பது கூரைமேல் நிற்கும் இரும்பு, அதிலிருந்து இறங்கும் கேபிள் நேராக உங்கள் போர்டுக்குள் போகிறது. நேராக விழ வேண்டும் என்றில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே போதும். என் முதல் கார்டு ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அப்படித்தான் போனது. டிஷ்ஷின் தூணுக்கு எர்த் கம்பி இறக்குங்கள். அது இருந்தாலும், இடி கேட்டதும் மெஷினை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கேபிளைக் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் கேபிளைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். போனால் கார்டோடு போகட்டும்.

கழற்றுவதை யாரும் மறப்பதில்லை, திரும்ப மாட்டுவதைத்தான் மறக்கிறோம். ஒருமுறை இரண்டு நாள் எதுவும் பதியாமல் திரை வெறும் கறுப்பாக நின்றது. "ஏங்கண்ணு, உன்ற பெட்டி ராத்திரியத்தானே புடிச்சு வெச்சிருக்குது?" என்று அம்மா கேட்டபின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: கழற்றிய கேபிள் நுனியை டிவி ரிமோட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்துவிடுவது.